பழைய காரில் பின் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தால்: துண்டை எடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் பின்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, ஸ்பீடோமீட்டர் முள்கூட ஏறுகிறது, கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்சக்கரங்களால் ஓடும் பழைய கார்களில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டான பின் ஆக்சில் ஷாஃப்டைத்தான்.

ஒரு பக்க ஷாஃப்ட் உடைந்தாலே கார் நின்றுவிடுவது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். காரணம், இன்ஜினின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஏறத்தாழச் சமமான முறுக்குவிசையையே பிரித்துக் கொடுக்கும். ஒரு பக்கம் எந்தத் தடையும் இல்லாமல் சுழன்றால் மறுபக்கத்துக்கும் ஒன்றும் போய்ச் சேராது. பெரும்பாலான பழைய கார்களில் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் அதன் முள் வழக்கம்போல் ஏறுகிறது.

புதிய ஷாஃப்டைச் செருகுவது இந்த வேலையில் எளிதான பகுதி. உள்ளே தங்கிவிட்ட துண்டை முழுதாக வெளியே எடுப்பதும், அது ஏன் உடைந்தது என்று கண்டறிவதும்தான் கடினமானவை. இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் புதிய ஷாஃப்டை மாட்டினால் அதுவும் உடையும். போகும்போது டிஃபரன்ஷியலையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

உடைந்தது ஷாஃப்ட்தானா?

கிளட்ச் தேய்ந்து நழுவினாலும் கார் நகராது; ஆனால் அப்போது ஸ்பீடோமீட்டர் முள் அசையாது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்றிருந்தால் காருக்கு அடியில் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய, சிறிய பற்சக்கரங்களான கிரவுன் வீல், பினியன் ஆகியவற்றின் பற்கள் உடைந்திருந்தால் அரைபடும் சத்தம் தொடர்ந்து வரும்.

உறுதி செய்ய, சமதளமான கெட்டித் தரையில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் எந்தப் பயனும் இல்லை. எனவே அந்தக் கட்டைகளே உங்கள் பாதுகாப்பு. ஜாக்கியால் தூக்கியபின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். அது அசையாமல் நின்றால் எங்கோ ஒரு பக்கம் தொடர்பு அறுந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைக் கை சொல்லும்: நல்ல பக்கத்தைச் சுற்றும்போது உள்ளே பற்சக்கரங்கள் உருளும் இழுப்பை உணரலாம், உடைந்த பக்கம் லேசாக, சில நேரம் உலோகம் உரசும் மெல்லிய ஓசையுடன் சுற்றும். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். எப்படியும் மறுபக்க ஷாஃப்டுக்கும் அதே வயதுதான், அதையும் சோதிக்கத்தான் வேண்டும்.

ஷாஃப்டின் வெளிமுனை கூம்பாக இருந்து, அதில் சாவியும் (ஷாஃப்டும் ஹப்பும் சேர்ந்து சுற்றும்படி பள்ளத்தில் செருகும் சிறு உலோகத் துண்டு) நட்டும் ஹப்பை, அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியை, பிடிக்கும் வகை காராக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஷாஃப்டின் முனையிலும் ஹப்பிலும் சேர்த்து ஒரு கோடு வரைந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஹப் சுற்றி ஷாஃப்ட் நின்றால், உடைந்தது சாவிதான். அறிகுறிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், செலவுதான் வேறு.

இழுத்துச் செல்வதற்கு முன்

வழியில் உடைந்துவிட்டால் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா என்பது ஆக்சிலின் வகையைப் பொறுத்தது. பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ‘செமி ஃப்ளோட்டிங்’ வகை. இதில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு காரின் எடையையும் தாங்குகிறது. ஷாஃப்டை டிஃபரன்ஷியலுக்குள் ‘சி’ வடிவக் கிளிப் பிடித்திருக்கும் ரகங்களில், ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் டிரம்மோடு சேர்ந்து வெளியே வந்துவிடலாம். பேரிங்குக்கு வெளிப்பக்கம் உடைந்தால் எந்த செமி ஃப்ளோட்டிங் ரகத்திலும் இதே ஆபத்து உண்டு. இத்தகைய காரைப் பின்சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது; வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ‘ஃபுல் ஃப்ளோட்டிங்’ வகையில் எடை முழுவதையும் ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் மேல் ஓடும் ஹப் தாங்குவதால் சக்கரம் கழன்று ஓடாது. ‘த்ரீ குவார்ட்டர் ஃப்ளோட்டிங்’ இரண்டுக்கும் இடைப்பட்டது.

உங்கள் காரில் இருப்பது எது என்பதைக் காரின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1962-ல் வந்த எம்ஜிபி திறந்த காரில் ‘பாஞ்சோ’ வகை ஆக்சில் இருந்தது. 1965-ல் வந்த அதன் ஜிடி ரகத்தில் வேறு வடிவமான ‘டியூப்’ வகை. இரண்டின் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அமெரிக்கக் கார்களை எடுத்துக்கொண்டால், 1957-ல் ஃபோர்டு கொண்டுவந்த 9 அங்குல ஆக்சிலில் ஷாஃப்டை வெளிமுனையில் ஒரு தகடு பிடிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 10 போல்ட், 12 போல்ட் ஆக்சில்களில் பெரும்பாலும் உள்ளே கிளிப். பல பத்தாண்டுகள் கைமாறி வந்த காரில் முந்தைய உரிமையாளர் ஆக்சிலையே மாற்றியிருக்கவும் கூடும். ஹவுசிங்கைத் துடைத்து, அதில் உள்ள எண்ணையும் வடிவத்தையும் பார்த்து, பழுதுபார்ப்புக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

ஒரு விஷயம்: பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் உள்ள கார்களின் ஷாஃப்டுகள் வேறு முறையில் கழல்பவை. இங்கே சொல்வது ஒரே கெட்டி ஹவுசிங் கொண்ட பின் ஆக்சில்களுக்கு.

கழற்றுதல்

முதலில் ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்துவிடுங்கள். அந்த ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள், அதில் பார்க்க வேண்டியது இருக்கிறது. பிறகு சக்கரமும் டிரம்மும். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். எனவே டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியில் துடைத்தெடுங்கள்.

எளிதான வகையிலிருந்து தொடங்குகிறேன். ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் ஹப்பின் நடுவில் உள்ள ஃப்ளேஞ்சின் (ஷாஃப்டின் வெளிமுனையில் உள்ள வட்டத் தகடு) நட்டுகளைக் கழற்றி, ஃப்ளேஞ்சின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட் வந்துவிடும். எம்ஜி மிட்ஜெட் போன்ற கார்களின் த்ரீ குவார்ட்டர் வகையும் கிட்டத்தட்ட இப்படித்தான். டிரம் வந்தபின் ஃப்ளேஞ்சை ஹப்போடு பிடித்திருக்கும் ஒரு திருகைக் கழற்றினால் போதும். அந்தத் திருகு துருவில் இறுகியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் அடித்துத் திருப்பும் ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் முயன்றால் திருகின் தலை சிதைந்துவிடும்.

வெளிமுனையில் பேரிங்கும் தகடும் உள்ள வகையில், தகட்டின் நட்டுகளைக் கழற்றியபின் ஷாஃப்டை இழுக்க, கம்பியில் வழுக்கும் எடையால் வெளியே அடித்து இழுக்கும் ‘ஸ்லைடு ஹாமர்’ தேவைப்படும். ஷாஃப்ட் வெளியே வந்ததும் ஒரு நட்டை மட்டும் திரும்ப மாட்டி பிரேக் பேக் பிளேட்டைப் பிடித்துவையுங்கள். இல்லாவிட்டால் அது தொங்கி, பிரேக் குழாயை வளைத்துவிடும்.

‘சி’ கிளிப் வகையில் டிஃபரன்ஷியலின் பின்மூடியைத் திறந்து, குறுக்குப் பின்னை (உள்ளே உள்ள சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் தண்டு) பூட்டும் போல்ட்டைக் கழற்றி, பின்னை உருவ வேண்டும். ஷாஃப்டை உள்ளே தள்ளினால் கிளிப் விழும். உடைந்த பக்கத்தில் கிளிப் உள்துண்டில்தான் இருக்கும். ஆனால் திறந்த வழியாகவே அந்தத் துண்டை எட்டிவிடலாம் என்பது இந்த வகையின் வசதி. குறுக்குப் பின் வெளியே இருக்கும்போது எதையும் சுற்றாதீர்கள். சிறு பற்சக்கரங்கள் இடம் மாறினால் பின்னைத் திரும்ப நுழைக்க முடியாது.

கூம்பு முனை வகைதான் பொறுமையைச் சோதிப்பது. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டை இளக்கி, முழுதும் கழற்றாமல் ஷாஃப்டின் முனையோடு சமமாக நிற்கும் அளவுக்கு விட்டுவையுங்கள். ஹப் பிடி விடும்போது வெடித்தாற்போல் வரும். அந்த நட்டுதான் அதைத் தடுத்து நிறுத்தும். ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரில் அந்தக் காருக்கு ஏற்றதை மாட்டி இறுக்கி, புல்லரின் தலையில் ஒரு தட்டு தட்டி, மறுபடி இறுக்குங்கள். ஷாஃப்டின் முனையில் நேராகச் சுத்தியலால் ஓங்கி அடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அந்த அடி ஷாஃப்ட் வழியாக டிஃபரன்ஷியலின் நடுவுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும். அதைச் செய்யாதீர்கள்.

உள்ளே தங்கிய துண்டு

ஷாஃப்டுகள் அதிகம் உடைவது உள்முனையில், ஸ்ப்லைன் பற்கள் (பற்சக்கரத்துக்குள் பொருந்த ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) முடிந்து வழவழப்பான தண்டு தொடங்கும் இடத்தில். அப்படியானால் விரல் நீளமுள்ள துண்டு ஒன்று டிஃபரன்ஷியலின் பக்கப் பற்சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கும். முதல் முயற்சி காந்தம். நீளமான கம்பியின் நுனியில் வலுவான காந்தத்தைக் கட்டி, ஹவுசிங் குழாய் வழியாக மெல்ல நுழையுங்கள். குழாயும் இரும்புதான் என்பதால் காந்தம் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே போகும். காந்தத்தின் முகம் மட்டும் வெளியே தெரியும்படி அதைச் சுற்றி பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டிவிட்டால் நேராகப் போய்ச் சேரும். துண்டு ஒட்டியதும் வெடுக்கென்று இழுக்காமல், சற்றே முறுக்கியபடி இழுங்கள்.

வரவில்லையென்றால் ஸ்ப்லைன் முறுக்கிக்கொண்டு இறுகியிருக்கலாம். மறுபக்க ஷாஃப்டை உருவிவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து கம்பியால் தள்ளலாம் என்று தோன்றும். ஆனால் நடுவில் குறுக்குப் பின் நிற்பதால் நேரான கம்பிக்குப் பல ஆக்சில்களில் வழி இருக்காது. பின்மூடி உள்ள ஆக்சிலில் மூடியைத் திறந்து, பின்னை உருவி, உள்ளிருந்து துண்டை வெளியே தட்டுவதே நல்ல வழி. மூடி இல்லாத பாஞ்சோ வகையில் டிஃபரன்ஷியல் முழுவதையும் முன்பக்கமாக இறக்க வேண்டும். அதற்கு இரண்டு ஷாஃப்டுகளும் வெளியே வந்திருக்க வேண்டும். உடைந்த துண்டு பற்சக்கரத்தைத் தாண்டிக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தால் டிஃபரன்ஷியல் இறங்காது. வலுக்கட்டாயமாக நெம்பாமல், அந்த நீட்டலைப் பிடித்து இழுக்கும் வழியைத் தேடுங்கள்: கம்பிச் சுருக்கு போடலாம், அல்லது உள்ளே சரியாகப் பொருந்தும் குழாயை அதன்மேல் இறுகச் செருகி இழுக்கலாம்.

துண்டு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டு பாதிகளையும் பெட்ரோல் அல்லாத கரைப்பானில் கழுவி, உடைந்த முகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். ஓரத்தில் எங்காவது இடைவெளி தெரிந்தால், அந்த அளவு உலோகம் ஹவுசிங்குக்குள்தான் கிடக்கிறது. அரிசி அளவு சில்லு போதும். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையில் அகப்பட்டால் ஒரு பல் போய்விடும். வடித்த ஆயிலைத் துணியில் வடிகட்டுங்கள், குழாயின் அடிப்பகுதி முழுவதும் காந்தத்தால் துழாவுங்கள், டிரெயின் பிளக்கைப் பாருங்கள். இடைவெளிக்கு உரிய சில்லு கையில் கிடைக்கும்வரை ஹவுசிங்கை மூடாதீர்கள்.

உடைந்த முகத்தைப் படியுங்கள்

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். பெரும்பாலோர் உடைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஏன் உடைந்தது என்பதற்கான சாட்சி அது ஒன்றுதான்.

நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியுடன் பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாகவும், அதில் அலை வந்து போன மணலில் தெரிவதுபோல் வளைந்த கோடுகளும் இருந்தால், அது உலோகச் சோர்வு. விரிசல் பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, மீதியிருந்த உலோகம் தாங்க முடியாமல் கடைசியில் ஒரே அடியில் முறிந்திருக்கிறது. சொரசொரப்பாக இருக்கும் பகுதி அந்தக் கடைசி முறிவு. வழவழப்பான பகுதி பெரிதாக இருந்தால், ஷாஃப்டின் மேல் வந்த சுமை மிக அதிகமில்லை, விரிசல்தான் நீண்டகாலம் வளர்ந்திருக்கிறது என்று பொருள். கோடுகள் எந்த இடத்தை நோக்கிக் குவிகின்றனவோ அங்கேதான் விரிசல் தொடங்கியது. அந்த இடத்தில் துருக்குழியோ, உளி பட்ட வடுவோ, சாவிப் பள்ளத்தின் கூரிய மூலையோ இருக்கும்.

முகம் ஏறத்தாழத் தட்டையாக, சுழல்போல் இழுபட்ட தோற்றத்துடன் இருந்து, பக்கத்தில் உள்ள ஸ்ப்லைன் பற்களும் முறுக்கிக்கொண்டிருந்தால், அது ஒரே நேரத்தில் வந்த அளவுமீறிய முறுக்குவிசை. திடீரென்று கிளட்சை விடுவது, சேற்றில் சுழலும் சக்கரம் சட்டென்று பிடிமானம் பெறுவது, பழைய ஆக்சிலோடு அதிக சக்தியுள்ள இன்ஜினைச் சேர்ப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

உடைந்தது வெளிமுனையில், பேரிங்கை ஒட்டி என்றால் முறுக்கைவிட வளைவைச் சந்தேகியுங்கள். செமி ஃப்ளோட்டிங் ஷாஃப்ட் எடையைச் சுமந்தபடி சுழல்வதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இப்படியும் அப்படியும் வளைகிறது. தேய்ந்த பேரிங், வளைந்த ஹவுசிங், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர், அளவுக்கு மீறி அகலமான சக்கரம் ஆகிய எல்லாம் அந்த வளைவைக் கூட்டும். கூம்பு முனையில் செம்பழுப்பு நிறத்தில் மாவுபோன்ற துரு ஒட்டியிருந்தால், நட்டு தளர்ந்து ஹப் ஆடிக்கொண்டிருந்தது என்று பொருள். அப்படியானால் ஹப்பின் உட்கூம்பும் தேய்ந்திருக்கும்; புதிய ஷாஃப்டை அந்தப் பழைய ஹப்பில் மாட்டுவது வீண். நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால் பேரிங் சூடேறி இறுகியிருக்கிறது.

மறுபக்க ஷாஃப்டையும் கழுவி, விரிசல் காட்டும் சாயம் தடவிப் பாருங்கள். பட்டறையில் காந்தத்துகள் சோதனை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஸ்ப்லைன் பற்கள் நேராக இருக்கின்றனவா என்று நீளவாக்கில் பாருங்கள்.

புதிய ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்தல்

பழைய துண்டுகளைச் சேர்த்துவைத்து அருகில் புதியதைக் கிடத்துங்கள். நீளம், தண்டின் விட்டம், ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கை, ஃப்ளேஞ்சின் துளைகள், பேரிங் உட்காரும் இடத்தின் அளவு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பல கார்களில் இடது, வலது ஷாஃப்டுகளின் நீளம் வேறு. நீளத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் ஸ்ப்லைன் முழுதாகப் பற்சக்கரத்துக்குள் போகாது. பாதிப் பற்களே மொத்த விசையையும் தாங்கும்.

வேறு காரிலிருந்து கழற்றிய ஷாஃப்டை வாங்குவதாக இருந்தால், அது எந்தப் பக்கத்தில் ஓடியது என்று கேளுங்கள். அதே பக்கத்தில் மாட்டுவதே நல்லது. முன்னோக்கி ஓடும்போது எப்போதும் ஒரே திசையில் முறுக்கப்பட்டுப் பழகிய உலோகம் அது.

பொருத்துதல்

பேரிங் அழுத்தி ஏற்றும் வகையில் வரிசையை மறக்காதீர்கள்: முதலில் பிடிப்புத் தகடு, அந்த ஆக்சிலில் தனி சீல் இருந்தால் அது, பிறகு பேரிங், கடைசியாக வளையம். தகட்டைப் போடாமல் பேரிங்கை ஏற்றிவிட்டால் எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி பிரெஸ்ஸில் ஏற்றுங்கள். பேரிங்கையும் வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்தாமல் தனித்தனியே ஏற்றுங்கள். மறுபக்க ஷாஃப்டிலிருந்து பழைய வளையத்தை எடுக்கும்போது பாதியளவு துளையிட்டு உளியால் பிளக்கலாம். துளைக்கருவி ஷாஃப்டைத் தொடக் கூடாது. சிறு கீறலே அடுத்த விரிசலின் தொடக்கம்.

ஆயில் சீல், ஓ ரிங், கேஸ்கெட் ஆகியவற்றைக் கண்டிப்பாகப் புதிதாகப் போடுங்கள். சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலை நோக்கி உள்ளே இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, ஷாஃப்டை நுழைக்கும்போது ஸ்ப்லைன் முனை சீலின் மேல் உரசாதபடி கையால் தாங்கிக்கொண்டே போங்கள். ஸ்ப்லைன் பற்சக்கரத்தைத் தொடும்போது ஷாஃப்டைச் சற்றே சுற்றினால் தானாக உள்ளே வழுக்கும். இடிக்க வேண்டிய அவசியம் வராது. வந்தால் ஏதோ பொருந்தவில்லை.

கூம்பு முனையில் எண்ணெயோ கிரீஸோ இருக்கக் கூடாது. ஹப்பின் உட்பக்கத்தையும் ஷாஃப்டையும் துடைத்து உலர வைத்து, புதிய சாவி போட்டு, கையேட்டில் சொல்லிய அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஸ்பிலிட் பின் துளை நேர்படாவிட்டால் நட்டை இன்னும் இறுக்கித்தான் நேர்படுத்த வேண்டும். துளைக்காகப் பின்னோக்கித் திருப்பிய நட்டுதான் தளர்ந்த ஹப்புக்குத் தொடக்கம்.

வெளிமுனையில் டேப்பர் ரோலர் பேரிங் உள்ள ஆக்சில்களில் ஷாஃப்டின் உள்-வெளி ஆட்டத்தை ஷிம் தகடுகளால் சரிசெய்ய வேண்டும். அது மில்லிமீட்டரின் சிறு பின்னம். டயல் கேஜால் அளந்து கையேட்டின் அளவுக்குள் கொண்டுவாருங்கள்.

ஆயில் ஊறிய பிரேக் லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்த முயலாதீர்கள், இரண்டு பக்கமும் புதிதாக மாற்றுங்கள். ஹவுசிங்கின் மேல் உள்ள காற்றுத்துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைப் புதிய சீல் வழியாகவே தள்ளும். பிறகு, கார் சமமாக நிற்கும்போது நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை கையேடு சொல்லும் கியர் ஆயிலை ஊற்றுங்கள். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் குறைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் அதற்கென்று உள்ள ஆயில்தான் வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

சக்கரங்களை மாட்டுவதற்குமுன் முதலில் செய்த சோதனையையே திரும்பச் செய்யுங்கள்: கியரில் போட்டு ஒரு ஹப்பைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பிரேக் குழாயைத் திறந்திருந்தால் காற்றை வெளியேற்றி, பெடல் கெட்டியாக இருப்பதை உறுதி செய்யுங்கள்.

முதல் ஓட்டம் மெதுவாக, சிறிது தூரம் போதும். திரும்பி வந்ததும் இரண்டு ஹப்புகளின் சூட்டையும் கையை அருகில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பேரிங் இறுக்கமாக இருக்கலாம் அல்லது பிரேக் உரசலாம். பேக் பிளேட்டின் கீழே ஆயில் துளி தெரிகிறதா என்று மறுநாள் காலை பாருங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஆயிலை ஒருமுறை வடித்துப் புதியது ஊற்றுங்கள். அந்த ஆயிலையும் துணியில் வடிகட்டி, காந்தத்தால் துழாவுங்கள். சாம்பல்போன்ற மெல்லிய தூள் இருந்தால் கவலையில்லை. விரலில் உறுத்தும் சில்லு வந்தால் டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டும். கூம்பு முனை வகையில் அதே நாளில் ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டின் இறுக்கத்தை மறுபடி டார்க் ஸ்பேனரால் சரிபார்த்து, புதிய பின்னைப் போட்டு மடக்குங்கள். சக்கர நட்டுகளையும் அப்போதே ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.